ரேகை விழல!

"பாட்டி, தலையில தேய்ச்சிட்டு வைங்க."

எங்கள் தெரு ரேஷன் கடையில் போன மாதம் காதில் விழுந்த உத்தரவு இது. பாட்டி கட்டைவிரலைத் தலைமுடியில் இரண்டு தடவை தேய்த்துக் கண்ணாடியில் வைத்தார். மெஷின் 'டொய்ங்' என்றது. "விழல. அழுத்தி வைங்க." டொய்ங். "அவ்ளோ அழுத்தாதீங்க." டொய்ங். "சேலையில துடைச்சிட்டு வைங்க... ஊதிட்டு வைங்க... சரி, வேற விரல்." பத்து விரலும் ஒரு ரவுண்டு வந்தாயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமை இழந்து, "கொஞ்சம் பாமாயில் தடவிப் பாருங்களேன்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பாமாயில் வாங்கவே ரேகை விழவேண்டும்.

கடைக்காரருக்குப் பாட்டியை இருபது வருடமாகத் தெரியும். பாட்டியின் பெயர், பிள்ளைகள் பெயர், எந்தப் பிள்ளை சோறு போடவில்லை என்பது வரை தெரியும். மெஷினுக்குத்தான் தெரியவில்லை. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் நாந்தாண்டா தம்பி. இதுக்கிட்ட யாராச்சும் சொல்லுங்களேன்."

சொல்லலாம்தான். ஆனால் அது கேட்காது. அதைச் செய்தவர்களின் தாத்தாக்களே கேட்டதில்லை. அவர்கள் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வயிற்றெரிச்சல். நான் சிறுவனாக இருந்தபோது 'கைநாட்டு' என்பது வசவு. கையெழுத்துப் போடத் தெரியாத ஆசாமி என்று அர்த்தம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பாட்டிகள் எழுத்துக் கூட்டினார்கள். நம்ம பாட்டியும் அப்போது கற்றவர்தான். பெயரைக் கோணல்மாணலாக எழுதிவிட்டு, இங்க் பேடைத் தள்ளிவைத்த நாளை இன்னும் சொல்லிச் சிரிப்பார். அவர் கையெழுத்துக் கற்று முடித்த கையோடு சர்க்கார் என்ன சொன்னது? "கையெழுத்தெல்லாம் வேண்டாம், கட்டைவிரலை வைங்க." இப்போது பத்திரப்பதிவு ஆபீசில் பேராசிரியர் கைநாட்டு, டாக்டர் கைநாட்டு. நாடே கைநாட்டு!

இந்தக் கூத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஆள் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல். பெரிய இடத்துப் பிள்ளை. தாத்தா 1781ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர். அப்பாவும் பெரிய வானியலாளர். பேரனும் வட்டங்களை உற்றுப் பார்ப்பதில் குறை வைக்கவில்லை. என்ன, தாத்தா வானத்தில் பார்த்ததை இவர் விரல் நுனியில் பார்த்தார்.

1858. வங்காளத்தில் ஜங்கிப்பூர். சிப்பாய்க் கலகம் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. வெள்ளைக்காரத் துரைக்கு எந்த இந்தியனைப் பார்த்தாலும் சந்தேகம். சாலை போடச் சரளை சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் போடுகிறார் ஹெர்ஷல். கோனாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் நாளைக்கு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லிவிட்டால்? துரை முத்திரை குத்துகிற எண்ணெய் மையை எடுத்து, கோனாயின் உள்ளங்கை முழுக்கப் பூசி, பத்திரத்தின் முதுகில் பச்சக் என்று வைக்கச் சொன்னார்.

அதில் விஞ்ஞானம் இருந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஹெர்ஷலே பிற்பாடு உண்மையை ஒத்துக்கொண்டார். ஆளைக் கொஞ்சம் மிரட்டி வைக்கத்தான் அப்படிச் செய்தாராம். நம்ம ஊர்ப் பஞ்சாயத்தில் 'சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு' என்பார்களே, அதேதான். உலகத்தின் மாபெரும் அடையாளத் தொழில்நுட்பம், சூடம் இல்லாத சூடச் சத்தியமாகத்தான் பிறந்தது.

அதற்கப்புறம் துரைக்கு இதுவே பித்தாகிவிட்டது. கண்ணில் பட்டவர் விரலையெல்லாம் பிடித்து மையில் தோய்த்தார். 1877ல் ஹூக்ளி ஜில்லாவுக்கு மாஜிஸ்திரேட்டாகப் போனதும் பத்திரப்பதிவுக்கும் சிறைக்கும் பென்ஷனுக்கும் ரேகையைக் கொண்டுவந்தார். பென்ஷனுக்கு ஏன் என்கிறீர்களா? ஹூக்ளியில் பென்ஷன்காரர்கள் சந்தேகப்படும்படி நீண்ட ஆயுளோடு இருந்தார்கள். ஆள் போன பிறகும் யாரோ வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார்களோ என்று துரைக்கு சம்சயம். 2014ல் ஜீவன் பிரமாண் என்று டிஜிட்டல் வாழ்வுச் சான்று வந்ததே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான். இன்றும் நவம்பர் வந்தால் பெரியவர்கள் நேரில் போய் நின்று, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று மெஷினிடம் மன்றாடுகிறார்கள். ரேகை கேட்காமல் ஆளைக் கரெக்டாக அடையாளம் கண்டுபிடிப்பவன் எமதர்மன் ஒருவன்தான்.

ஹெர்ஷல் தன் முறையை மற்ற சிறைகளுக்கும் விரிக்க மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் என்ன செய்யும்? மேலிடம் செய்வதையே செய்தது. துரை உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது, கொஞ்சம் நில்லுங்கள். ரேகை சாகும்வரை மாறாது என்பதற்கு ஹெர்ஷல் காட்டிய முதல் சாட்சி யார் தெரியுமா? அவரேதான்! இளம் வயதில் பதித்த தன் ரேகையையும் கிழவரானபின் பதித்த ரேகையையும் பக்கத்தில் வைத்து 1916ல் புத்தகமே போட்டார். அட, அப்படியே இருக்கிறது! ஏன் இருக்காது? ஐ.சி.எஸ். துரையின் விரல் அது. ஒருநாள் சட்டி தேய்த்திருக்குமா? கருங்கல் சுமந்திருக்குமா? சுண்ணாம்பில் கை வைத்திருக்குமா? ரேகையின் அமைப்பு மாறாது என்றார், அது சத்தியமான உண்மை. தேயாது என்று அவர் சொல்லவில்லை. மாறாது என்பதைத் தேயாது என்று நாமாகவே படித்துக்கொண்டோம்.

ஹென்றி ஃபோல்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டரின் கதை இன்னும் பரிதாபம். டோக்கியோவில் மிஷன் ஆஸ்பத்திரி நடத்தியவர். புதைபொருளாகக் கிடைத்த பழைய பானை ஓடுகளில் குயவர்களின் விரல் பதிவைப் பார்த்து அசந்து போனார். கையோடு அது பயன்பட்டது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டை யாரோ ரகசியமாகக் குடித்துவந்தார்கள். கண்ணாடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு ரேகையை வைத்துக் குடிமகனைப் பிடித்தார் டாக்டர். தடய அறிவியலின் ஆரம்பகால வெற்றி ஒன்று டாஸ்மாக் கேஸாக அமைந்தது தற்செயல்தான்.

ஃபோல்ட்ஸ் மனிதர் தீவிரமானவர். ரேகை மறுபடி அப்படியே முளைக்கிறதா என்று பார்க்கத் தன் விரல் நுனியையும் மாணவர்கள் விரலையும் சவரக்கத்தியால் சீவினார். முளைத்தது, அச்சு அசலாக. இந்த மாணவர்கள் இன்டர்னல் மார்க்குக்காகப் பட்ட பாட்டை யாராவது எழுதவேண்டும்.

கண்டுபிடித்ததையெல்லாம் 1880ல் டார்வினுக்கு எழுதினார். டார்வினுக்கு வயது எழுபத்தொன்று, உடம்பு சரியில்லை. கடிதத்தை உறவினர் ஃபிரான்சிஸ் கால்ட்டனுக்குத் தள்ளிவிட்டார். கால்ட்டன் அதை ஒரு சங்கத்துக்குத் தள்ளினார். சங்கம் அதை அலமாரிக்குத் தள்ளியது. ஃபோல்ட்ஸ் அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் கட்டுரை போட்டதும், 'நான் இதை இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேனே' என்று அடுத்த மாதமே ஹெர்ஷல் எழுதினார். பிடித்தது சனியன். யார் முதலில் என்ற சண்டை, பத்திரிகைக்குப் பத்திரிகை தொடர்ந்து, 1917ல் ஹெர்ஷல் கண்ணை மூடும்வரை ஓயவில்லை. விரலை வைத்து உலகத்தில் யாரையும் அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று சொன்ன இரண்டு பேரால், அதை முதலில் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இடையில் புகுந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் கால்ட்டன். எதைப் பார்த்தாலும் அளப்பார். சட்டைப்பையில் ஒரு தாளையும் ஊசியையும் வைத்துக்கொண்டு, தெருவில் எதிர்ப்படும் பெண்கள் அழகா, சுமாரா, அழகில்லையா என்று ரகசியமாகக் குத்தி, பிரிட்டனுக்கு 'அழகு வரைபடம்' தயாரித்த புண்ணியவான். லண்டன் முதலிடம், அபர்டீன் கடைசி. இன்றைக்கு இதைச் செய்தால் ஈவ்டீசிங் கேஸ். அன்றைக்கு விஞ்ஞானம். 1884ல் லண்டன் கண்காட்சியில் கடை விரித்து, மூன்று பென்னி கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை அளந்தார். தன்னைப் பற்றிய டேட்டாவைக் கொடுத்துவிட்டு அதற்குக் காசும் கட்டுகிற வழக்கத்துக்கு வயது 140க்கு மேல்.

1892ல் கால்ட்டனின் ரேகைப் புத்தகம் வந்தது. இரண்டு விரல் ஒத்துப்போக 6,400 கோடியில் ஒரு வாய்ப்பு என்று கணக்குச் சொன்னார். ஆனால் அவர் ரேகையில் உண்மையில் தேடியது வேறு. மேல்குலத்தான் ரேகை உசத்தியாகவும், மட்டமான இனம் என்று அவர் நினைத்தவர்களின் ரேகை மட்டமாகவும் இருக்கும் என்று ஆசைப்பட்டார். ஆங்கிலேயர், வெல்ஷ்காரர், யூதர், கறுப்பர் என்று சேகரித்துச் சேகரித்துப் பார்த்தார். கலைஞன் விரலையும் கூலிக்காரன் விரலையும் ஒப்பிட்டார். ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. பாவம், நேர்மையானவர், கிடைக்கவில்லை என்று எழுதியும் வைத்தார். மனிதரில் உயர்வு தாழ்வு தேடி இறங்கியவர், கடைசியில் விரல் நுனியில் சமத்துவத்தை நிரூபித்துவிட்டு முகம் வாடி எழுந்தார்.

இந்த நேரத்தில் பாரிஸில் வேறொரு ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தது. அல்ஃபோன்ஸ் பெர்ட்டிலான். பள்ளிக்கூடங்கள் துரத்திய பிள்ளை. அப்பா செல்வாக்கில் 1879ல் போலீஸ் ஆபீசில் கிளார்க் வேலை, குற்றவாளிகளின் கார்டுகளைக் காப்பி எடுப்பது. கார்டில் என்ன எழுதியிருக்கும்? 'சராசரி உயரம், சாதாரண முகம்.' படிக்கப் படிக்க ஆளுக்கு வெறி ஏறிவிட்டது. தலை நீளம், அகலம், காது, பாதம், நடுவிரல் என்று பதினோரு இடத்தில் அளக்க ஆரம்பித்தார். மேலதிகாரிகள் சிரித்தார்கள். கடைசியில் மூன்று மாத டிரையல் கொடுத்தார்கள். 1883 பிப்ரவரியில், தன் பெயரை 'டுபோன்' என்று சொன்ன ஒருவனை அளந்து பார்த்து, 'தம்பி, நீ போன தடவை வந்தபோது மார்ட்டின்தானே?' என்றார். அன்றிலிருந்து அவர் பாரிஸ் போலீஸின் குலசாமி. 'பாஸ்கர்வில்ஸ்' நாவலில் ஒருவர் ஷெர்லக் ஹோம்ஸைப் பார்த்து, நீங்கள் ஐரோப்பாவிலேயே இரண்டாவது நிபுணர், முதலாமவர் பெர்ட்டிலான் என்று சொல்ல, ஹோம்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வரும். கற்பனைப் பாத்திரத்துக்கே பொறாமை வருமளவு புகழ்!

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றைக்கு 'டேட்டா குவாலிட்டி' என்று கோட்டு போட்டவர்கள் பேசுவதை முதலில் புரிந்துகொண்டவர் இந்த முசுடுதான். ஆள் உட்காரும் ஸ்டூல் இத்தனை உயரம், கேமரா இத்தனை தூரம், நேராக ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டார். அளக்கிறவன் சொதப்பினால் அளவும் சொதப்பல் என்று அவருக்குத் தெரியும். பாதம், விரல், முழங்கை எல்லாவற்றையும் இடது பக்கத்தில்தான் அளக்கச் சொன்னார். காரணம்? வலது கை உழைக்கிற கை, வேலை அதன் வடிவத்தை மாற்றிவிடும். உழைப்பு டேட்டாவைக் கெடுக்கும் என்பது 1880களிலேயே பாரிஸில் ஒரு கிளார்க்குக்குத் தெரிந்திருந்தது. ஆதார் அட்டையில் நாமெல்லாம் இப்போதுதான் சிறையிலிருந்து வந்தவர்கள் மாதிரி விழுகிறோமே, அந்த போட்டோவுக்கும் மூலவர் அவர்தான்.

அப்புறம் புகழ் தலைக்கேறியது. 1894ல் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி மீதான தேசத்துரோக வழக்கில் கையெழுத்து நிபுணராக வந்து உட்கார்ந்தார். கையெழுத்து அவருக்குச் சம்பந்தமில்லாத சப்ஜெக்ட். காட்டப்பட்ட கடிதத்தில் டிரைஃபஸின் கையெழுத்து ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. அதற்கு அவர் சொன்ன விளக்கம்: டிரைஃபஸ் தன் கையெழுத்தையே தான் போலியாகப் போட்டிருக்கிறான்! ஒத்துப்போனாலும் குற்றவாளி, ஒத்துப்போகாவிட்டாலும் குற்றவாளி. அந்த அப்பாவி ராணுவ அதிகாரி பேய்த் தீவு என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார். மெஷின் சொன்னால் சரி என்பதற்கு முன்னால், நிபுணர் சொன்னால் சரி என்ற காலம் அது.

1911 ஆகஸ்டில் மோனாலிசா லூவரிலிருந்து காணாமல் போனாள். கண்ணாடியில் திருடன் தன் கட்டைவிரலை அழகாகப் பதித்துவிட்டுப் போயிருந்தான். தெளிவான ரேகை, ஏ ஒன் குவாலிட்டி! திருடன் பெருஜியா ஏற்கெனவே பாரிஸ் போலீஸிடம் மாட்டியவன். அவன் கார்டு பெர்ட்டிலானின் பீரோவில்தான் இருந்தது. ஆனால் கார்டுகளை அவர் அடுக்கியிருந்தது உடம்பு அளவுப்படி. ரேகையை வைத்துத் தேடும் வழி கிடையாது. மோனாலிசா இரண்டு வருடம் அவன் அறையில் ஒரு பெட்டிக்குள் படுத்துக்கொண்டு அந்தப் புன்னகையைத் தொடர்ந்தாள்.

வங்காளத்துக்கு வருவோம். பெர்ட்டிலானின் அளவுமுறை இங்கேயும் இறக்குமதியாகி, போலீஸ்காரர்கள் கவராயத்தோடு அலைந்தார்கள். ஒரே ஆளை இரண்டு ஏட்டுகள் அளந்தால் இரண்டு அளவு வந்தது. தையல்கடைக்குத் துணி கொடுத்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. போலீஸ் ஐ.ஜி. எட்வர்ட் ஹென்றி சலித்துப்போய் ரேகைக்கு மாறினார். ஆனால் லட்சம் ரேகையில் ஒன்றை எப்படித் தேடுவது? அதற்குக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டுமே. கல்கத்தாவில் படித்த அஸிஸுல் ஹக் என்ற இளைஞரைப் போலீசில் சேர்த்துக்கொண்டார். ஹக், சுழிகளைக் கணக்காக்கி 1,024 அறை கொண்ட அடுக்குமுறை ஒன்றை உருவாக்கினார். ஹேம் சந்திர போஸ் அதை மேலும் செதுக்கினார். 1897ல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வந்தது. உலகமே பாராட்டிய அந்த முறைக்கு என்ன பெயர் வைத்தார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம். 'ஹென்றி முறை'!

காலேஜில் குரூப் ப்ராஜெக்ட் செய்தவர்களுக்கு இந்த வலி புரியும். ஹென்றிக்கு ஸ்காட்லாந்து யார்டும் சர் பட்டமும். ஹக்குக்கு கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர், ஆளுக்கு 5,000 ரூபாய். அது எல்லாம் பல வருடம் கழித்து, மனுப் போட்ட பிறகு. என் ஆட்களில் அதிகம் உழைத்தவர் ஹக்தான் என்று ஹென்றி பிற்பாடு எழுதிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் யார் ரேகை யாருடையது என்று பிரித்துச் சொன்ன துறையில், அந்தத் துறையே யாருடையது என்பதில்தான் ஆள்மாறாட்டம்.

லண்டன் போகும் வழியில் ஹென்றி கொஞ்ச காலம் தென்னாப்பிரிக்காவில் போலீஸைச் சீரமைக்கப் போயிருந்தார். அவர் போன இடத்தில் மை காயாது. 1906ல் டிரான்ஸ்வால் சர்க்கார், இந்தியர்கள் எல்லோரும் ரேகை கொடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்றது. அங்கே ஒரு வக்கீல் ஹென்றியின் ரேகைப் புத்தகத்தையே வாங்கிப் படித்தார். சட்டப்படி ரேகை கேட்பது குற்றவாளிகளிடம் மட்டும்தான் என்று அதில் தெரிந்துகொண்டு கொதித்தார். செப்டம்பர் 11, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூட்டம். சத்தியாகிரகம் பிறந்தது அங்கேதான். ஆமாம், காந்திதான். நாமெல்லாம் நினைப்பதுபோல உப்பில் ஆரம்பித்ததல்ல, ரேகையில் ஆரம்பித்தது.

அடுத்த ட்விஸ்ட்டைப் பாருங்கள். 1908ல் சமரசம். கட்டாயம் என்றால் தரமாட்டோம், நாங்களாகவே என்றால் தருகிறோம் என்றார் காந்தி. பதியப் போகும் வழியில் மீர் ஆலம் என்ற சொந்தக் கட்சிக்காரரே, 'நேற்றுவரை கொடுக்காதே என்றாய், இன்றைக்கு நீயே கொடுக்கிறாயா?' என்று மண்டையைப் பிளந்தார். குறுக்கே விழுந்து அடி வாங்கியவர் தம்பி நாயுடு, அங்கிருந்த தமிழர்களின் தலைவர். கட்டுப் போட்டுப் படுத்திருந்த காந்தி, அதிகாரியைப் படுக்கைக்கே வரவழைத்து ரேகை கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சர்க்கார் வாக்கு மாறியது. ஆகஸ்டில் அந்தச் சான்றிதழ்களையெல்லாம் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். இன்றைக்குத் தொலைந்து போன அட்டைக்கு டூப்ளிகேட் வாங்க நாம் படும் பாட்டை நினைத்தால், அந்தத் தைரியம் புல்லரிக்கிறது.

இன்னொரு கதாநாயகன் பாக்கி. ஜான் டில்லிஞ்சர், அமெரிக்காவின் பாங்க் கொள்ளைக்காரன். 1934ல் போலீஸ் துரத்த, டாக்டர்களுக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுத்து விரல் நுனிகளை ஆசிட்டில் எரித்துக்கொண்டான். ஜூலையில் சினிமா பார்த்துவிட்டு வெளியே வந்தவனைச் சுட்டார்கள். விரலைப் பார்த்தால், ரேகை ஓரங்களில் மிச்சமிருந்து ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பணமும் ஆசிட்டும் வைத்து அந்த ராட்சசனால் அழிக்க முடியாத ரேகையை, நம்ம பாட்டி சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து, நாற்பது வருடத்தில், பைசா செலவில்லாமல் மெஷினிடமிருந்து மறைத்துவிட்டார். எஃப்.பி.ஐ. பாட்டியைத் தேடாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

பாட்டியின் ரேகை எங்கேயும் போகவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது, ஹெர்ஷல் சொன்னபடி. சாதாரண ஸ்கேனர் தோலைப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் ஒட்டுகிற மேட்டையும் ஒட்டாத பள்ளத்தையும் பார்க்கிறது. சிமெண்ட் பிடித்தவர், நாற்று நட்டவர், பாத்திரம் தேய்த்தவர் விரலில் மேடு தட்டையாகியிருக்கும். வயசான தோல் உலர்ந்து, மேடும் சரியாக ஒட்டாது. கோடு புள்ளி புள்ளியாக விழும். ஈரம் அதிகமானால் பள்ளமும் நிரம்பி ஒரே கறுப்புத் திட்டு. தலையில் தேய்க்கச் சொல்வது மூடநம்பிக்கையல்ல, கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏறினால் ஒட்டும் என்று கடைக்காரர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த அப்ளைடு பிசிக்ஸ்.

அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2004ல் ரேகைக்கு மார்க் போடும் ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தது. ஒன்று வந்தால் பிரமாதம், ஐந்து வந்தால் படுமோசம். பாட்டிக்கு ஐந்து வரும் என்று வையுங்கள். அது பாட்டிக்கான மார்க்கா? இந்தப் படத்தை வைத்துக்கொண்டு மெஷின் ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்குமா என்பதற்கான மார்க் அது. ஃபெயிலானது மெஷின். டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது பாட்டி.

நம்ம ஆதார்க்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2009லேயே கமிட்டி உட்கார்ந்து யோசித்தது. வயல்காட்டுக் கைகளை நம்பிப் பயனில்லை என்றுதான் பத்து விரலோடு இரண்டு கருவிழியையும் சேர்த்தார்கள். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற பழங்குடி கிராமத்தில் முதல் எண்ணைக் கொடுத்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பெர்ட்டிலான் அன்றைக்கே பயந்த ஆசாமி ஒருவர் இருந்தாரே, கருவியைக் கையில் வைத்திருப்பவர்! ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று காசு. வெயில், தூசி, துடைக்காத கண்ணாடி, வாசல்வரை க்யூ. 'இன்னொரு தடவை நல்லா எடுப்போம்' என்று யார் மெனக்கெடுவார்?

2012ல் ஆந்திராவில் ஒரு ஆதார் அட்டை வந்தது. பெயர்: கொத்திமீரா. அதாவது கொத்தமல்லி. தகப்பன் பெயர் புலாவ். ஊர் பெயர் மாங்காய். போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொபைல் போன்! இரண்டு வருடம் கழித்து ராஜஸ்தானில் அனுமனுக்கு அட்டை வந்தது, தகப்பனார் பவன் என்று முறையாக எழுதி. அனுமனாவது சிரஞ்சீவி, வாழ்வுச் சான்று பிரச்சினை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், கொத்தமல்லிக் கட்டு உள்ளே போய்விட்டது. அதைக் கிள்ளிக் கிள்ளியே ரேகை தேய்ந்த பாட்டி வெளியே நிற்கிறார்.

ஆதார் பற்றி 2022ல் வெளிவந்த தணிக்கை அறிக்கை இன்னும் ஒரு படி மேலே. 2018-19ல் நடந்த சுமார் 3.04 கோடி பயோமெட்ரிக் திருத்தங்களில் 73 சதவீதத்துக்கு மேல், ரேகை சரியாக வேலை செய்யாததால் மக்கள் காசு கட்டிச் செய்துகொண்டவை. அதற்கு வைத்திருந்த பெயர் 'தன்னார்வத் திருத்தம்'. முதல் தடவை தரமாக எடுக்காதது பதிவு செய்தவர்களின் பொறுப்பாயிற்றே, மக்களிடம் காசு வாங்கலாமா என்று தணிக்கையாளர் கேட்டார். பல் டாக்டர் சரியாகப் பிடுங்காத பல்லை நாம் தன்னார்வத்தோடு மறுபடி பிடுங்கிக்கொள்வது மாதிரி.

'விரல் வேண்டாம், முகத்தைக் காட்டுங்க' என்று இப்போது புதுப் பாட்டு. பேஷ். 2018ல் எம்.ஐ.டி.யிலிருந்து ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து ஓர் ஆய்வு போட்டார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா சொல்லும் சாஃப்ட்வேர்கள், வெள்ளை ஆண்களிடம் செய்த தப்பு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. புவோலம்வினி ஒரு சமயம் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்ட பிறகுதான் கம்ப்யூட்டர் அவர் முகத்தை முகம் என்றே ஒத்துக்கொண்டதாம். ஹெர்ஷலின் விரலுக்கும் இந்த முகத்துக்கும் ஒரே ஜாதகம். யார் செய்தார்களோ அவர்களை மாதிரி இருப்பவர்களுக்கு அது கச்சிதமாக வேலை செய்யும்.

சரி, பாட்டி கதை பாதியில் நிற்கிறது.

மறுநாள் கூட்டமில்லாத நேரத்தில் வரச்சொல்லியிருந்தார் கடைக்காரர். நல்ல மனிதர். முதலில் மெஷின் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். அதை யாரும் அதுவரை துடைத்து நான் பார்த்ததில்லை. ஒரு ஈரத்துணியில் பாட்டியின் விரல்களைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, ஒற்றியெடுத்தார். அப்புறம் அவசரமில்லாமல் ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். 'பெஸ்ட் ஃபிங்கர்' என்று ஆதார்காரர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பத்தில் எந்த விரல் நன்றாக விழுகிறது என்று பார்த்து அதையே பயன்படுத்துவது. அந்தப் பெயர் கடைக்காரருக்குத் தெரியாது. செய்தது அதேதான்.

வலது கை ஐந்தும் டொய்ங். இடது கட்டைவிரல் டொய்ங். ஆள்காட்டி, நடு, டொய்ங், டொய்ங். இடது மோதிர விரல்.

பில் வந்தது.

பாட்டி அந்த விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இத்தனை நாளா இதுலதான் ஒளிஞ்சிருந்தேனா?" என்றார். அரிசிப் பையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். பாட்டி கொல்லையில் உட்கார்ந்து இட்லிக்கொப்பரை தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கையின் மோதிர விரலில் மட்டும் ஒரு பழைய துணியைச் சுற்றி, அதை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பது விரலால் தேய்த்தார்.

"என்ன பாட்டி, விரல்ல அடியா?"

"சும்மா இருடா. அடுத்த மாசத்துக்கு எடுத்து வெச்சிருக்கேன்."